சிவப்பு பியூஸ் இருந்த இடத்தில் பச்சை

ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை காலை. டிரெஸ்டனின் லோப்டௌ பகுதியில் தெருவோரம் நின்ற கார்களின் கண்ணாடியெல்லாம் உறைபனி. திருப்பூரிலிருந்து முதுகலை படிக்க வந்த தம்பி ஒருவர் போனில் கூப்பிட்டார். "அண்ணா, வண்டி மறுபடியும் செல்ஃப் எடுக்கல. டிக் டிக்னு சத்தம் மட்டும் வருது."

டிசம்பரில்தான் ஒரு கார் வியாபாரியிடம் 3,800 யூரோவுக்கு வாங்கியிருந்தார். வண்டிக்குப் பதினான்கு வயது. வாங்கிய மூன்றாவது வாரமே பேட்டரி இறங்கியது. வியாபாரியைக் கேட்டால், குளிருக்கு அப்படித்தான் ஆகும், புது பேட்டரி போடுங்கள் என்றாராம். பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தில் 120 யூரோ கொடுத்துப் புதிதாகப் போட்டார். அதுவும் இப்போது இறங்கிவிட்டது. வாரநாட்களில் டிராமில் போய்வருகிறவர். வண்டியை எடுப்பதே சனி, ஞாயிறு மட்டும்தான்.

"அடுத்தது ஆல்டர்னேட்டர மாத்திப் பாக்கலாமான்னு யோசிக்கிறேன்ணா" என்றார். "எதையும் மாத்தாதே. நான் மீட்டர் எடுத்துட்டு வர்றேன்" என்றேன்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். பழைய காரில் மின்கசிவோ ஷார்ட்டோ வந்தால் நம்மவர்கள் முதலில் செய்வது பாகங்களை மாற்றுவது. பேட்டரி, பிறகு ஆல்டர்னேட்டர், பிறகு ஸ்டார்ட்டர் மோட்டார். பணம் போகிறது, கோளாறு அப்படியே இருக்கிறது. அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. அந்தக் கோளாறு வண்டியை வாங்கும்போதே இருந்தது என்று காட்ட உதவும் தடயத்தையும் நம் கையாலேயே அழித்துவிடுகிறோம். முதலில் அளக்க வேண்டும், பிறகு படம் எடுக்க வேண்டும், அதன்பிறகு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஸ்பேனரைத் தொடுவது அதற்குப் பிறகுதான்.

எப்படி அளந்தோம்

பேட்டரியின் மைனஸ் கிளாம்ப்பைத் தளர்த்தி, அதற்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணைத்தோம். வண்டி தூங்கும்போது குடிக்கும் மின்சாரம் முழுவதும் இப்போது மீட்டர் வழியாகத்தான் போயாக வேண்டும். அவசரப்பட்டால் ஏமாந்துபோவோம். இருபது வருடங்களுக்குள் வந்த கார்களில் சின்னச் சின்னக் கணினிகள் பல உண்டு. பூட்டிய பிறகு அவை ஒவ்வொன்றாக அடங்க அரை மணி, சில வண்டிகளில் ஒரு மணி நேரம்கூட ஆகும். பானெட்டைத் திறந்து வைத்துத்தானே அளக்கிறோம். அதன் பூட்டை ஒரு ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மூடிவிட்டால், வண்டி தன் பானெட் மூடியிருப்பதாக எண்ணிக்கொள்ளும். மீட்டர் இணைப்பில் இருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது. ஸ்டார்ட்டருக்குப் போகும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மீட்டர் வழியாகப் பாயப் பார்க்கும்.

நல்ல வண்டி தூங்கும்போது 0.05 ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். இந்த வண்டி ஒரு மணி நேரம் கழித்தும் 0.38 காட்டியது. கணக்கு எளிது. ஒரு நாளைக்கு 9 ஆம்பியர்-மணிக்கு மேல் வெளியேறுகிறது. 44 ஆம்பியர்-மணி பேட்டரி ஐந்து நாளில் காலி. பாதி இறங்கினாலே இந்தக் குளிரில் செல்ஃப் எடுக்காது. திங்கள் முதல் வெள்ளி வரை நின்ற வண்டி சனிக்கிழமை கிளம்பாததற்குக் குளிர் துணைக்காரணம் மட்டுமே.

எந்தச் சுற்றில் கசிகிறது என்று கண்டுபிடிக்கப் பலர் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார்கள். பிடுங்கிச் செருகினால் தூங்கிய கணினிகள் விழித்துக்கொள்ளும், அளவு குழம்பும். பியூஸின் மேல்முதுகில் இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் தெரியும். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து அந்த இரண்டையும் தொட்டால் போதும். மின்சாரம் ஓடாத பியூஸ் சுழியம் காட்டும், ஓடுகிற பியூஸில் எண் அசையும்.

பியூஸ் பெட்டியின் மூடியைத் திறந்ததும் அசையும் எண்ணைத் தேடும் வேலையே இல்லாமல் போயிற்று. மூடியின் உள்பக்கத்து அட்டையில் உள்விளக்கு, டிக்கி விளக்கு, சென்ட்ரல் லாக் ஆகியவற்றுக்கான இடத்தில் 10 என்று அச்சிட்டிருந்தது. 10 ஆம்பியர் பியூஸ் சிவப்பு நிறம். அந்த இடத்தில் பச்சை நிறம் உட்கார்ந்திருந்தது. பச்சை என்றால் 30 ஆம்பியர்.

தம்பி அதைப் பிடுங்கக் கை நீட்டினார். தடுத்துவிட்டேன். அட்டையும் பியூஸும் ஒரே படத்தில் விழும்படி, ஓடிய கிலோமீட்டரும் தேதியும் தெரியும்படி நான்கு படங்கள் எடுத்த பிறகே தொட்டோம்.

இந்தப் பச்சை என்ன சொல்கிறது? யாரோ ஒருவருக்கு அந்த இடத்தில் 10 ஆம்பியர் பியூஸ் மீண்டும் மீண்டும் எரிந்திருக்கிறது. ஏன் எரிகிறது என்று பார்க்காமல், எரியாத பியூஸாகப் பார்த்துப் போட்டுவிட்டார். பியூஸ் காவல் காப்பது விளக்கையோ ரேடியோவையோ அல்ல, வயரை. மெல்லிய வயர் தாங்கக்கூடியதைவிடக் கூடுதல் மின்சாரம் ஓடினால், வயர் சூடாகிப் பற்றுவதற்குள் தான் உருகிச் சுற்றை அறுப்பதற்காகவே அது இருக்கிறது. 10 இருந்த இடத்தில் 30 போட்டால், அடுத்த முறை பியூஸுக்கு முன்னால் வயர் உருகும். அந்த வயரோ இருக்கைக்கு அடியிலும் கூரைத் துணிக்குப் பின்னாலும் ஓடுகிறது.

விளக்கு வைத்துத் தேடினால்

கீழ்வீட்டில் ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் இருக்கிறார். இந்த வட்டாரத்தில் எழுபதைத் தாண்டியவர்களில் பலர் இளமையில் டிராபன்ட் ஓட்டியவர்கள். இதே ஸாக்ஸன் மாநிலத்தின் ட்ஸ்விக்கௌவில் தயாரான அந்தக் காரைப் பழுது பார்க்கப் பெரும்பாலும் சொந்தக் கையைத்தான் நம்ப வேண்டியிருந்தது. நாங்கள் குனிந்திருப்பதைப் பார்த்துவிட்டு அவர் உள்ளே போய், இரண்டு வயர் பற்றவைத்த ஒரு பின்விளக்கு பல்பைக் கொண்டுவந்து நீட்டினார். ப்ரூஃப்லாம்பெ, நம் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் அதே டெஸ்ட் லேம்ப். 21 வாட்.

ஷார்ட்டைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை. பியூஸைக் கழற்றிவிட்டு, அது இருந்த இரண்டு கால்களுக்கு நடுவே பல்பை இணைக்க வேண்டும். எங்கோ ஒரு வயர் பாடியைத் தொட்டு நேராக எர்த் ஆகியிருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். அப்போதும் சுற்றில் ஓடுவது 1.75 ஆம்பியர்தான், ஏனென்றால் அதற்கு மேல் பல்பு விடாது. வயருக்கு ஆபத்தில்லை, பியூஸ்களை எரித்து வீணாக்க வேண்டியதும் இல்லை. எரிகிற பல்பைப் பார்த்தபடியே வயர்க்கட்டுகளை ஒவ்வொன்றாக மெல்ல அசைக்க வேண்டும், கனெக்டர்களைக் கழற்ற வேண்டும். எதைத் தொடும்போது வெளிச்சம் மங்குகிறதோ, அணைகிறதோ, கோளாறு அந்த வழியில் இருக்கிறது.

எங்களுக்கு முதலில் மங்கலாகத்தான் எரிந்தது. டாஷ்போர்டுக்கு அடியில் அசைத்துப் பார்த்தோம், மாற்றமில்லை. கதவுக்கும் பாடிக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாய்களை வளைத்தோம்; மாற்றமில்லை. டிக்கிக் கதவைப் பாதி தூக்கியதும் பல்பு பளீரென்று எரிந்தது. இன்னும் கொஞ்சம் தூக்கினால் அணைந்தது. கீலுக்குப் பக்கத்தில் மடிந்து மடிந்து விரியும் ரப்பர் உறையை விரல் நுனியால் தள்ளிப் பார்த்தோம். உள்ளே ஒரு வயரின் மேலுறை வெடித்து, செம்பு இழைகள் பச்சை பூத்து, பெயின்ட் தேய்ந்த தகட்டு விளிம்பில் சாய்ந்திருந்தன. டிக்கி மூடியிருக்கையில் அந்த ஈரமும் துருவும் வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கசிவு. பாதி திறக்கையில் நேர் ஷார்ட். பதினான்கு வருடங்கள், ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடியதன் பலன்.

பழைய கார்களில் முதலில் பார்க்க வேண்டியவை இந்த மடங்கும் இடங்களே. டிக்கிக் கீல், ஓட்டுநர் கதவுக் கீல், அடிக்கடி நகரும் இருக்கைக்கு அடியிலுள்ள வயர்கள். அடுத்ததாக, பிறகு மாட்டிய எதுவானாலும்: ரேடியோ, ரிவர்ஸ் கேமரா, இழுவண்டிக் கொக்கியின் பிளக். அதற்கும் அடுத்ததாக எர்த் பட்டைகள். இங்கே குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு அவற்றை அரித்துவிடும். சில வண்டிகளில் குறை பிறப்பிலேயே உண்டு. 1990-களின் முற்பாதியில் வந்த மெர்சிடிஸ் கார்கள் பலவற்றில் இன்ஜின் வயரிங்கின் மேலுறை வெப்பத்தில் பொடிந்து உதிர்ந்தது இந்தத் தொழிலில் உள்ளவர்கள் அனைவரும் அறிந்ததே.

எல்லாவற்றிலும் கை வைக்கலாம் என்று நினைத்துவிட வேண்டாம். மஞ்சள் கனெக்டர் என்றால் ஏர்பேக். டெஸ்ட் லேம்ப்பை அதன் அருகே கொண்டுபோகவே கூடாது. ஆரஞ்சு வயர் என்றால் ஹைப்ரிட், மின்சாரக் கார்களின் உயர் மின்னழுத்தம். அது உயிரைப் பறிக்கும். பேட்டரியைக் கழற்றும் முன் ரேடியோ கோடு கையில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெடித்த வயரைக் கண்ட பிறகும் நாங்கள் டேப் சுற்றவில்லை. பச்சை பியூஸை ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி ஒட்டினோம். அந்த இடத்தைக் காலியாகவே விட்டோம். டிக்கி விளக்கும் சென்ட்ரல் லாக்கும் சில நாள் வேலை செய்யாது, அவ்வளவுதான்.

சட்டம் யார் பக்கம்

ஏன் டேப் சுற்றவில்லை என்று தம்பி கேட்டார். 5 யூரோ வேலைதானே அண்ணா என்றார்.

ஜெர்மனியில் வியாபாரி ஒருவர் தனிநபருக்குப் பழைய கார் விற்றால், ஒப்படைத்த நாளில் அதிலிருந்த குறைகளுக்கு அவர் சட்டப்படி பொறுப்பு. இதன் பெயர் ஸாஹ்மேங்கல்ஹாஃப்டுங். பலரும் இதையும் கரன்டீ என்பதையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்கிறார்கள். கரன்டீ என்பது விற்பவர் விரும்பினால் தருவது, அல்லது காசு கொடுத்து வாங்குவது. முதலாவதை யாரும் தர வேண்டியதில்லை, சட்டமே தருகிறது. "கரன்டீ வாங்கவில்லையே, அதனால் ஒன்றும் கேட்க முடியாது" என்று எந்த வியாபாரியாவது சொன்னால் அது தவறு.

பொறுப்பின் காலம் 2 ஆண்டுகள்; பழைய பொருளுக்கு 1 ஆண்டாகக் குறைக்கலாம். ஆனால் 2022 ஜனவரி 1 முதல், அப்படிக் குறைப்பதை வாங்குபவருக்குத் தனியாக எடுத்துச் சொல்லி, தனியாக ஒப்புதல் பெற்றாக வேண்டும். பொடி எழுத்து நிபந்தனைகளுக்குள் செருகினால் செல்லாது. அதே நாள் முதல் இன்னொரு பெரிய மாற்றமும் வந்தது. குறை முதல் 1 ஆண்டுக்குள் தலைகாட்டினால், அது ஒப்படைத்த நாளிலேயே இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் வேலை. முன்பு இந்தக் காலம் 6 மாதம்தான்.

இந்த ஊகத்தின் வலிமையை நிலைநாட்டியது எரிந்துபோன ஒரு காரின் வழக்கு. நெதர்லாந்தில் ஒரு பெண் 2008 மே 27 அன்று வியாபாரியிடம் பழைய கார் வாங்கினார். செப்டம்பர் 26 அன்று ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அது தீப்பிடித்து முற்றாக எரிந்தது. தீ எதனால் என்று ஆராய்வதற்குள், 2009 மே மாதம் வண்டியை உடைத்துப் போட்டுவிட்டார்கள். வழக்கு லக்ஸம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2015 ஜூன் 4 அன்று தீர்ப்பு வந்தது: குறை இருக்கிறது, குறித்த காலத்துக்குள் வெளிப்பட்டது என்று காட்டினால் போதும், அதன் மூலகாரணத்தையோ, அது விற்றவரால் வந்தது என்பதையோ நுகர்வோர் நிரூபிக்கத் தேவையில்லை. அடுத்த ஆண்டு, 2016 அக்டோபர் 12 அன்று, ஜெர்மனியின் உச்ச சிவில் நீதிமன்றமும் ஒரு பழைய பி.எம்.டபிள்யூ கார் வழக்கில் தன் பழைய நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டு இதே வழிக்கு வந்தது.

சட்டம் இவ்வளவு துணை நிற்கும்போது படமும் அளவும் எதற்கு? விற்றவர் கையில் ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கிறது: ஃபெர்ஷ்லைஸ், அதாவது தேய்மானம். வயதுக்கும் ஓட்டத்துக்கும் ஏற்ற இயல்பான தேய்மானம் குறை ஆகாது. பதினான்கு வயது வண்டியில் பேட்டரி வலுவிழந்திருந்தால் நீங்கள் புகார் செய்ய முடியாது. "பேட்டரி இறங்குகிறது" என்று மட்டும் எழுதினால் அந்தப் பதில்தான் வரும். "பூட்டிய ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் 0.38 ஆம்பியர் ஓடுகிறது, 10 ஆம்பியர் இடத்தில் 30 ஆம்பியர் பியூஸ் இருக்கிறது, படம் இணைப்பில்" என்று எழுதினால் அந்தப் பதிலால் தப்பிக்க முடியாது. பியூஸ் தானாகத் தேய்ந்து சிவப்பிலிருந்து பச்சையாக மாறாது.

டேப் சுற்றாததற்குக் காரணம் இன்னொன்று. விற்றவருக்குத்தான் முதலில் சரிசெய்ய வாய்ப்புத் தர வேண்டும். இதை நாஹ்எர்ஃப்யூலுங் என்பார்கள். அந்த வாய்ப்பைத் தராமல் நாமே வேறு ஒர்க்‌ஷாப்பில் சரிசெய்துவிட்டு பில்லை நீட்டினால், பணம் கிடைக்காது. டிரெஸ்டனில் எனக்குத் தெரிந்த தமிழர்களில் மூவர் இப்படித்தான் பல நூறு யூரோவை விட்டார்கள். மூவருக்கும் உரிமை இருந்தது, வரிசைதான் மாறிப்போயிற்று. வாய்ப்புத் தந்த பிறகு செலவு முழுவதும் விற்றவருடையது: வேலை, பாகம், அவர் இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோகும் செலவு எல்லாம். கொண்டுபோகும் செலவை முன்பணமாகவும் கேட்கலாம். அவர் மறுத்தாலோ, நியாயமான கால அளவில் செய்யாவிட்டாலோ, செய்தும் சரியாகாவிட்டாலோ, விலையைக் குறைக்கக் கேட்கலாம் அல்லது வண்டியைத் திருப்பிக் கொடுக்கலாம். திருப்பிக் கொடுத்தால் ஓடிய கிலோமீட்டருக்கு ஒரு தொகை கழியும். அற்பமான குறைக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. சரிசெய்யும் செலவு விலையில் 5 விழுக்காட்டைத் தாண்டினால் பொதுவாக அற்பம் என்று நீதிமன்றங்கள் கருதுவதில்லை. 3,800 யூரோ வண்டிக்கு அது 190 யூரோ.

மொழி சரியாகத் தெரியாத வெளிநாட்டு மாணவரிடம் சில காகிதங்கள் அதிகம் நீட்டப்படுகின்றன. கெகௌஃப்ட் வீ கெஸேஹன், அதாவது "பார்த்தபடி வாங்கினேன்" என்ற வரி. வியாபாரி விற்கும்போது அது பொறுப்பைத் துடைக்காது. பாஸ்ட்லர்ஃபார்ட்ஸொய்க், அதாவது நோண்டிப் பார்ப்பவருக்கான வண்டி என்ற முத்திரை. ஓட்டுவதற்கென்று விலை பேசி விற்றுவிட்டு இப்படி எழுதுவது பெரும்பாலும் நீதிமன்றத்தில் நிற்பதில்லை. நீங்கள் தொழில் நடத்துபவர் என்றோ ஏற்றுமதிக்கு வாங்குகிறீர்கள் என்றோ கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். நீங்களே உங்கள் நுகர்வோர் உரிமையை விட்டுக்கொடுத்ததாக வாதாடுவார்கள். ஒப்பந்தத்தில் விற்பவர் பெயராக வேறொரு தனிநபர் பெயர் இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

தனிநபரிடம் வாங்கும்போது நிலைமை வேறு. ஒரே வரியில் அவர் பொறுப்பை விலக்கிவிடலாம், அது செல்லும். தெரிந்தே மறைத்தால் மட்டும் செல்லாது. ஆனால் அவருக்குத் தெரியும் என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டி அந்த வகையில் முக்கியமானது. எல்பெ ஆறு டிரெஸ்டனில் 2002 ஆகஸ்டில் 9.40 மீட்டரும் 2013 ஜூனில் 8.76 மீட்டரும் உயர்ந்தது. தண்ணீர் புகுந்த வயரிங் உடனே சாகாது. கனெக்டருக்குள் பச்சை பூத்து மாதங்கள் கழித்துக் கோளாறு காட்டும். கம்பளத்தை ஒரு மூலையில் தூக்கி அடியில் வண்டல் இருக்கிறதா என்று பார்ப்பதும், "இது வெள்ளத்தில் நின்ற வண்டி அல்ல" என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்வதும் காசில்லாத காப்பு. எழுதி வாங்கிய வாக்குறுதியைப் பொறுப்பு விலக்கும் வரி அழிக்காது. சென்னையில் 2015 வெள்ளத்துக்குப் பிறகு பழைய கார் வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் கட்டாயச் சோதனையில் தேறிய வண்டிதானே என்பார்கள். ஸாக்ஸனில் அந்தச் சோதனையைப் பெரும்பாலும் டெக்ரா என்ற நிறுவனம் செய்தாலும் மக்கள் வாயில் அது இன்னொரு நிறுவனத்தின் பெயரில் ட்யூஃப்தான். பிரேக், விளக்கு, புகை, துரு எல்லாம் பார்ப்பார்கள். பூட்டிய வண்டியில் எத்தனை மில்லிஆம்பியர் கசிகிறது என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை.

ஒர்க்‌ஷாப்பில் விட நேர்ந்தால்

விற்றவர் பொறுப்புக் காலம் முடிந்திருந்தால் ஒர்க்‌ஷாப்தான் வழி. மின்கோளாறு தேடும் வேலைக்கு மணிக்கணக்கில் கூலி. கண்டுபிடிக்காமலே பில் ஏறலாம். வேலை ஆணையில் கையெழுத்திடும் முன் "தேடுவதற்கு அதிகபட்சம் இத்தனை யூரோ, அதற்கு மேல் என்னைக் கேட்டுவிட்டு" என்று எழுதச் சொல்லுங்கள். செலவு மதிப்பீட்டுக்குக் கட்டணம் உண்டு என்று முன்பே பேசியிருந்தால் ஒழிய அது இலவசம் என்பதே சட்டம். மதிப்பீட்டைவிடக் கணிசமாகக் கூடப்போகிறது என்றால் உடனே உங்களிடம் சொல்ல வேண்டும். அந்தக் கட்டத்தில் வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள்.

பில்லில் தகராறு என்றாலும், பணம் தரும்வரை வண்டியைப் பிடித்துவைக்க ஒர்க்‌ஷாப்புக்குச் சட்ட உரிமை இருக்கிறது. சாவியைப் பிடுங்கிச் சண்டை போடுவதில் பயனில்லை. "உண்டர் ஃபோர்பெஹால்ட்", அதாவது உரிமையை விட்டுக்கொடுக்காமல் தருகிறேன் என்று பில்லிலேயே எழுதிவிட்டுப் பணத்தைக் கட்டி வண்டியை எடுங்கள். பிறகு ஷீட்ஸ்டெல்லெ என்ற வாகனத் தொழில் சமரச மன்றத்துக்கு எழுதலாம். அந்த ஒர்க்‌ஷாப்போ வியாபாரியோ வாகனத் தொழில் சங்கத்தின் உறுப்பினராக இருக்க வேண்டும், அதற்கான பலகை வாசலில் இருக்கும். நுகர்வோருக்குக் கட்டணமில்லை.

டிக்கி வயரைவிடப் பெரிய விஷயம்

மின்கோளாறு வெறும் பேட்டரிச் செலவோடு நிற்காது என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். 2023 பிப்ரவரியில் கேரளத்தின் கண்ணூரில், பிரசவத்துக்காக மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்த கார் மருத்துவமனையை நெருங்கிய இடத்தில் தீப்பிடித்து, முன்னிருக்கையில் இருந்த கணவனும் மனைவியும் இறந்தார்கள். மோட்டார் வாகனத் துறையின் முதற்கட்ட ஆய்வு ஷார்ட் சர்க்யூட்டைச் சுட்டியது. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து காருக்குள் பிளாஸ்டிக் கருகும் வாடை அடித்தால் நான் ஓட்டிக்கொண்டு போவதில்லை. நிறுத்தி, சாவியை அணைத்து, எல்லோரையும் இறக்கி, தள்ளி நின்று 112-ஐக் கூப்பிட வேண்டும். புகை வரும் பானெட்டை அகலத் திறந்தால் காற்றுப் புகுந்து தீ எழும்பும்.

காப்பீட்டில் நம்மவர்கள் பழைய வண்டிக்கு ஹாஃப்ட்ஃப்ளிஹ்ட் என்ற கட்டாயப் பாதுகாப்பை மட்டும் எடுப்பார்கள். அது அடுத்தவர் நஷ்டத்துக்கு மட்டுமே. டைல்காஸ்கோ என்ற பகுதிக் காப்பீடும் எடுத்திருந்தால், தீயோடு, ஷார்ட்டால் வயரிங்குக்கு வரும் சேதமும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் அடங்கும். இது பலருக்குத் தெரிவதில்லை. ஆனால் வரிகளை நிறுத்திப் படியுங்கள். வயர் மட்டுமா, அதனால் கெட்ட ஆல்டர்னேட்டரும் கணினியும் சேர்த்தா என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். தீ என்றால் சுவாலை எழுந்து பரவ வேண்டும். கருகியது, பொசுங்கியது தீயில் சேராது என்றும் எழுதியிருப்பார்கள்.

மார்டர் என்ற விலங்கின் கடியும் டைல்காஸ்கோவில்தான் வரும். நீலகிரிக் காட்டில் மஞ்சள் தொண்டையோடு திரியும் மார்ட்டினின் உறவு இது. இங்கே நகரத்திலேயே வாழ்கிறது. இரவில் இன்ஜின் அறைக்குள் புகுந்து வயர் உறையையும் ரப்பர் குழாயையும் கடித்துவைக்கும். ஜெர்மன் காப்பீட்டு நிறுவனங்கள் ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மார்டர் கடிகளுக்குப் பணம் தருகின்றன. வயரில் ஊசி குத்தியது போன்ற பல்தடம் தெரிந்தால் துடைக்கும் முன் படம் எடுங்கள்.

நிறுத்திவைத்த வண்டி தானாக எரிந்தால்? வண்டி ஓடவே இல்லையே, நமக்கென்ன என்று இருக்க முடியாது. நிலத்தடிக் கார் நிறுத்தத்தில் நின்ற வண்டி ஒன்று ஒரு நாளுக்கு மேல் கழித்துத் தொழில்நுட்பக் கோளாறால் தானே பற்றி, பக்கத்து வண்டியைச் சேதப்படுத்திய வழக்கில், 2014 ஜனவரி 21 அன்று ஜெர்மன் உச்ச சிவில் நீதிமன்றம் எரிந்த வண்டியின் உரிமையாளரே பொறுப்பு என்றது. கோளாறுள்ள வண்டியை அடுக்குமாடிக் கட்டடத்துக்கு அடியில் விடும்முன் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிடச் சொல்வது அதனால்தான்.

தயாரிப்பிலேயே குறை என்றால் திரும்ப அழைப்பு வந்திருக்கும். ஃப்ளென்ஸ்புர்கில் உள்ள கூட்டரசு மோட்டார் போக்குவரத்து அலுவலகம் அழைப்புகளை இணையத்தில் வைத்திருக்கிறது. நான்காம் கை, ஐந்தாம் கை வண்டிக்கும் அந்தக் குறையைச் சரிசெய்வது இலவசம். பிரிட்டனில் வாக்ஸ்ஹால் ஸஃபீரா பி கார்கள் அடுத்தடுத்து எரிந்தபோது, 2015 டிசம்பரில் இரண்டு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். ஏசி, ஹீட்டர் காற்றை இயக்கும் பகுதியில் வெப்பத்துக்கு அறுந்துபோக வேண்டிய காப்பு பியூஸைத் தப்பான முறையில் பழுது பார்த்திருந்ததே காரணம் என்று நிறுவனம் முதலில் சொன்னது. அந்தச் சரிசெய்தல் போதாமல் அடுத்த ஆண்டு மறுபடியும் அழைக்க நேர்ந்தது. 2017-இல் நாடாளுமன்றக் குழு ஒன்று நிறுவனத்தின் தாமதத்தைக் கடுமையாகக் கண்டித்தது.

உதவிக்கு யார் என்று கேட்டால், டிரெஸ்டனில் நுகர்வோர் மையமான ஃபெர்ப்ரௌஹர்ட்ஸென்ட்ராலெ ஸாக்ஸனுக்கு ஆலோசனை நிலையம் உண்டு; சிறிய கட்டணத்தில் கடிதத்தைப் பார்த்துத் திருத்தித் தருவார்கள். வருமானம் குறைந்தவர்கள் அம்ட்ஸ்கெரிஹ்ட் என்ற வட்டார நீதிமன்றத்தில் ஆலோசனைச் சீட்டு பெற்றால், வழக்கறிஞருக்கு 15 யூரோ மட்டும் தந்து கேட்கலாம். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மாவட்ட ஆணையத்தில் புகார் தர 2 ஆண்டு அவகாசம், வழி கேட்க 1915 என்ற உதவி எண். இங்கு போல ஓராண்டு ஊகம் அங்கே கிடையாது என்பதால், அளவும் படமும் அங்கே இன்னும் அதிகமாகத் தேவை.

தம்பி அன்று மாலையே கடிதம் எழுதினார். ஒரு பக்கம்தான். வாங்கிய தேதி, பேட்டரி இறங்கிய தேதிகள், 0.38, பச்சை பியூஸ், வெடித்த வயர், நான்கு படங்கள், 14 நாள் கெடு. போனில் பேசியதற்குச் சாட்சி இல்லை என்பதால், தபால்காரர் பெட்டியில் போட்டதற்குச் சான்று தரும் பதிவுத் தபாலில் அனுப்பினோம். வியாபாரி முதலில் தேய்மானம் என்றே பதில் எழுதினார். பியூஸ் படத்தை மட்டும் பெரிதாக்கி மறுபடியும் அனுப்பினோம். பதினோராம் நாள் வண்டியை எடுத்துப்போக மீட்பு வண்டி வந்தது. டிக்கி வயர்க்கட்டை முழுதாக மாற்றித் தந்தார்கள். டேப் சுற்றி மறைக்கவில்லை. பேட்டரிக்கான 120 யூரோவைத் தர மறுத்துவிட்டார். அதைத் தம்பி சமரச மன்றத்தில் கேட்டிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.

வண்டி வந்த அன்றிரவு மறுபடியும் பானெட்டைத் திறந்து, பூட்டை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி, ஒரு மணி நேரம் குளிரில் காத்திருந்தோம். பியூஸ் பெட்டியில் சிவப்பு. மீட்டரில் 0.02.